கேமராவுக்கு எந்த மெமரி கார்டு? ஸ்லாட்டிலிருந்து தொடங்குங்கள்

கடையில் போய் மெமரி கார்டு கேட்டால் "எத்தனை ஜிபி?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அடுத்து, உறையில் கொட்டை எழுத்தில் 200 என்றோ 300 என்றோ போட்டிருக்கும் வேகத்தைக் காட்டுவார்கள். இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்தப் பெரிய எண் கார்டிலிருந்து படிக்கும் வேகம். அதுவும் 'அதிகபட்சம் இவ்வளவு வரை' என்கிற கணக்கு. படம் எடுக்கும்போது கேமரா செய்வதோ எழுதும் வேலை. எழுதும்போது வேகம் எந்த அளவுக்குக் கீழே இறங்காது என்று உறுதி சொல்லும் குறி, அதே கார்டின் ஓரத்தில் பொடியாக இருக்கும். பலரும் அதைப் பார்ப்பதே இல்லை. பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

சரியான வரிசை இது: ஸ்லாட் (கார்டைச் செருகும் இடம்), கேமராவின் வயது, எழுதும் வேகம், அதற்குப் பிறகுதான் கொள்ளளவு.

படி 1: கார்டு கதவைத் திறந்து பாருங்கள்

கார்டின் வகையை நாம் தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறோம். கேமராவை வாங்கிய அன்றே அது முடிவாகிவிட்டது. இன்று விற்கும் கேமராக்களில் நான்கு வகை ஸ்லாட்டுகளைத்தான் பெரும்பாலும் பார்க்க முடியும்.

எஸ்டி கார்டு எல்லோருக்கும் தெரிந்தது: 32 மிமீ உயரம், 24 மிமீ அகலம், 2.1 மிமீ தடிமன். சான்டிஸ்க், தோஷிபா, அன்று மட்சுஷிதா என்று அழைக்கப்பட்ட பானசோனிக் ஆகிய மூன்றும் சேர்ந்து 1999-இல் கொண்டுவந்தவை. கால் நூற்றாண்டாக உருவம் மாறவில்லை, உள்ளே எல்லாம் மாறிவிட்டது. குழப்பத்துக்கு மூல காரணமும் அதுதான்: பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு எஸ்டி கார்டுகளுக்கு நடுவே பத்து மடங்கு வேக வித்தியாசம் இருக்கலாம்.

மைக்ரோ எஸ்டி 15 × 11 மிமீ. ட்ரோன், ஆக்‌ஷன் கேமரா ஆகியவற்றுக்கானது. நிக்கான் இசட் எஃப் போல ஒன்றிரண்டு பெரிய கேமராக்களிலும் இரண்டாவது ஸ்லாட்டாக இருக்கிறது. அடாப்டரில் போட்டு எஸ்டி ஸ்லாட்டில் செருகினால் வேலை செய்யும். ஆனால் இடையில் இன்னொரு உலோகத் தொடர்பு கூடுகிறது. அது தளர்ந்தால் 'கார்டு எரர்'. அவசரத்துக்குச் சரி, சம்பளம் வாங்கும் வேலைக்கு வேண்டாம்.

மற்ற இரண்டும் சிஎஃப் எக்ஸ்பிரஸ் குடும்பம். டைப் ஏ சிறியது, 20 × 28 மிமீ. நடைமுறையில் சோனிக்காரர்களின் கார்டு. டைப் பி அதைவிடப் பெரியது, 38.5 × 29.8 மிமீ, நிக்கான், கேனான், பானசோனிக், ஃபியூஜிஃபிலிம் ஆகியவற்றின் மேல்தட்டு கேமராக்களில் இருப்பது. ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று போகாது. சோனி ஏ7 ஃபோரில் முதல் ஸ்லாட் டைப் ஏ, எஸ்டி இரண்டையும் ஏற்கும். இரண்டாவது ஸ்லாட்டில் எஸ்டி மட்டும்தான். நிக்கான் இசட்8, கேனான் ஆர்5 இரண்டிலும் ஒரு டைப் பி, ஒரு எஸ்டி.

பழைய நிக்கான் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எக்ஸ்க்யூடி என்று ஒரு கார்டு இருந்தது. டைப் பி-யும் அதுவும் ஒரே உருவம். 2018-இல் வந்த இசட்6, இசட்7 எக்ஸ்க்யூடி கேமராக்களாகத்தான் வெளியாகின. பின்னால் வந்த ஃபர்ம்வேர் (கேமராவை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) அப்டேட்டைப் போட்ட பிறகே சிஎஃப் எக்ஸ்பிரஸை ஏற்கும். டி850, டி500 ஆகியவற்றுக்கும் அப்படி ஒரு அப்டேட் உண்டு. 2012-இல் எக்ஸ்க்யூடியை முதலில் கொண்டுவந்த டி4-க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. செகண்ட் ஹாண்டில் பாடி வாங்கும்போது ஃபர்ம்வேர் எண்ணைப் பார்க்காமல் புது கார்டு வாங்காதீர்கள்.

படி 2: எஸ்டி ஸ்லாட் என்றால், எந்தத் தலைமுறை?

எஸ்டி கார்டுக்கும் கேமராவுக்கும் இடையே தரவு ஓடும் பாதையின் தலைமுறையைச் சொல்வது யூஎச்எஸ் என்ற குறி. கார்டைத் திருப்பிப் பாருங்கள். தங்க நிறத் தொடர்புகள் ஒரே வரிசையாக இருந்தால் யூஎச்எஸ்-1 அல்லது அதற்கும் முந்தையது. கீழே இரண்டாவது வரிசையும் இருந்தால் யூஎச்எஸ்-2. முகப்பில் ரோமன் எண்ணில் ஒரு கோடு, இரண்டு கோடு என்றும் போட்டிருக்கும். யூஎச்எஸ்-1 பாதையின் உச்சம் நொடிக்கு 104 எம்பி. யூஎச்எஸ்-2 பாதையின் உச்சம் 312.

யூஎச்எஸ்-1 கார்டில் 170, 200 என்று போட்டிருக்கிறதே என்று கேட்கலாம். சில தயாரிப்பாளர்கள் தர விதிக்கு வெளியே, தங்கள் சொந்த கார்டு ரீடரோடு சேர்ந்தால் மட்டும் கிடைக்கும் வேகத்தைப் போடுகிறார்கள். கேமராவுக்குள் அந்த வித்தை நடக்காது.

கேமரா எந்தத் தலைமுறை என்பது கையேட்டில் இருக்கும். கேனான் ஆர்50, நிக்கான் இசட்50, சோனி ஏ6400, இசட்வி-இ10 எல்லாம் யூஎச்எஸ்-1. கேனான் ஆர்6 மார்க் டூ, ஆர்7, நிக்கான் இசட்5, ஃபியூஜி எக்ஸ்-டி5 ஆகியவை யூஎச்எஸ்-2. யூஎச்எஸ்-2 கார்டை யூஎச்எஸ்-1 கேமராவில் போட்டால் கெட்டுப்போகாது, வேலையும் செய்யும். கீழ் வரிசைத் தொடர்புகள் சும்மா கிடக்கும், அவ்வளவுதான். அந்தக் கூடுதல் பணத்துக்குக் கிடைக்கும் ஒரே பலன், அதற்கேற்ற ரீடர் இருந்தால் கணினிக்குச் சீக்கிரம் காப்பி ஆகும் என்பது. ஆர்50 வைத்திருப்பவரிடம் யூஎச்எஸ்-2 கார்டை விற்பது வியாபாரத் திறமை. வாங்குபவருக்கு அதில் லாபம் இல்லை.

படி 3: கேமராவின் வயது

எஸ்டி என்று மட்டும் போட்டிருந்தால் 2 ஜிபி வரை. எஸ்டிஹெச்சி என்றால் 32 ஜிபி வரை. எஸ்டிஎக்ஸ்சி என்றால் அதற்கு மேல் 2 டிபி வரை. ஹெச்சி 2006-இல் வந்தது, எக்ஸ்சி 2009-இல். புது கேமரா பழைய கார்டை ஏற்கும். பழைய கேமரா புது கார்டை ஏற்காது. ஹெச்சி வருவதற்கு முன் தயாரான கேமராவில் 16 ஜிபி கார்டைப் போட்டால் அது கார்டையே காணாதது போல நடந்துகொள்ளும். கார்டு கதவின் உட்புறத்திலோ கையேட்டிலோ இருக்கும் சின்னம்தான் சாட்சி.

கடந்த பத்தாண்டில் வாங்கிய கேமரா என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம்.

படி 4: எழுதும் வேகத்தைக் கணக்குப் போடுங்கள்

நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

எஸ்டி கார்டில் மூன்று தலைமுறைக் குறிகள் சேர்ந்தே இருக்கும். வட்டம் போட்ட 'சி' எழுத்துக்குள் 10, 'யூ' எழுத்துக்குள் 1 அல்லது 3, பிறகு 'வி' எழுத்தோடு ஒரு எண். எல்லாமே தொடர்ந்து எழுதும்போது இதற்குக் கீழே இறங்காது என்ற உறுதிமொழிகள். சி10, யூ1, வி10 மூன்றும் நொடிக்கு 10 எம்பி. யூ3, வி30 இரண்டும் 30 எம்பி. வி60 என்றால் 60, வி90 என்றால் 90. 'வி' எண்ணை மட்டும் பார்த்தால் போதும். ஏ1, ஏ2 என்ற குறி ஆண்ட்ராய்டு போனில் ஆப்களை ஓட்டுவதற்கானது. கேமராவுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

இனி வீடியோ. கேமரா மெனுவில் வீடியோவின் பிட்ரேட் (ஒரு நொடிக்கு எவ்வளவு தரவு என்ற அளவு) மெகாபிட்டில் இருக்கும். கார்டின் வேகம் மெகாபைட்டில். 8-ஆல் வகுத்தால் ஒன்று மற்றொன்றாகும். இசட்வி-இ10-இல் 4கே வீடியோவின் உச்சம் 100 மெகாபிட். 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பி. வி30 கார்டு தாராளம். அதற்கு மேல் செலவு செய்யத் தேவையே இல்லை. ஏ7 ஃபோரில் ஆல்-இன்ட்ரா (ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகப் பதியும் முறை) 4கே 60 ஃபிரேமில் 600 மெகாபிட், அதாவது 75 எம்பி. இங்கே வி60 போதாது. வி90 எஸ்டி அல்லது டைப் ஏ வேண்டும். கேனான் ஆர்5-இல் 8கே ரா (பதப்படுத்தாத மூலத் தரவு) 2600 மெகாபிட், அதாவது 325 எம்பி. யூஎச்எஸ்-2 பாதையின் உச்சமே 312 என்று மேலே பார்த்தோம். எனவே எவ்வளவு விலை கொடுத்த எஸ்டி கார்டும் அதற்கு உதவாது. டைப் பி ஒன்றுதான் வழி.

கல்யாண வீடியோ, யூடியூப், குறும்படம் எடுப்பவர்களில் பெரும்பாலோர் 100-இலிருந்து 200 மெகாபிட்டுக்குள் வேலை செய்கிறார்கள். 200 என்றாலும் 25 எம்பிதான், வி30 போதும். உங்கள் கேமரா மெனுவில் இருக்கும் மிகப் பெரிய எண்ணுக்கு வாங்காதீர்கள். நீங்கள் உண்மையில் வைத்து எடுக்கும் எண்ணுக்கு வாங்குங்கள்.

புகைப்படத்துக்குக் கணக்கு வேறு. ஒரு படம், நிதானம், அடுத்த படம் என்று எடுப்பவருக்கு எந்த நல்ல வி30 கார்டும் சரி. பர்ஸ்ட் (பொத்தானை அழுத்தியபடியே படபடவெனத் தொடர்ந்து எடுக்கும் முறை) வைத்து எடுப்பவருக்குத்தான் சிக்கல். 24 மெகாபிக்சல் ரா படம் ஒன்று சுமார் 25 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 10 படம் என்றால் 250 எம்பி. அவ்வளவையும் உடனே எழுத எந்த யூஎச்எஸ்-1 கார்டாலும் முடியாது. அதனால் கேமரா படங்களைத் தன் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) தேக்கி, கார்டு எழுத எழுத வெளியே விடுகிறது. மாடித் தொட்டியில் மோட்டார் போட்டு நீர் ஏற்றும்போது கீழே ஒரு சின்னக் குழாய் மட்டும் திறந்திருந்தால் எப்படியோ அப்படி: தொட்டி நிரம்பிய பிறகு மோட்டாரை நிறுத்தத்தான் வேண்டும். ஷட்டர் திணறுவது அப்போதுதான். ஜல்லிக்கட்டு, கபடி, பறவைகள் எடுப்பவர்களுக்கு வி60 அல்லது அதற்கு மேல் தேவைப்படுவது இதனால்தான். ஜேபெக் மட்டும் எடுக்கும் செய்திப் புகைப்படக்காரருக்கு ஃபைல் சிறியது என்பதால் இந்தக் கவலை மிகக் குறைவு.

சிஎஃப் எக்ஸ்பிரஸ் பக்கம் 'வி' எண் இல்லை. அங்கே விபிஜி 200, விபிஜி 400 என்று சின்னத் திரைப்படக் கிளாப் பலகை போல ஒரு குறி இருக்கும். அந்த எண்ணே நொடிக்கு இத்தனை எம்பிக்குக் கீழே இறங்காது என்ற உறுதி. இந்தக் குறி இல்லாத மலிவான கார்டுகள் சிலவற்றில் முதல் சில ஜிபி வரை பறக்கும் வேகம், பிறகு சடாரென்று சரிவு. புகைப்படத்துக்கு இது உறைக்காது. நீண்ட வீடியோவில் பதிவு பாதியில் நின்றுவிடும். இன்னொன்று: டைப் பி ஸ்லாட் உள்ளவர்கள் வி90 எஸ்டி வாங்கும் முன் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரங்களில் ஒரு ஜிபிக்கு ஆகும் செலவு டைப் பி-யில்தான் குறைவு.

படி 5: இப்போது ஜிபி

64 ஜிபி கார்டில் மேலே சொன்ன 25 எம்பி ரா படங்கள் ஏறத்தாழ 2,500 அடங்கும். 100 மெகாபிட் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி விழுங்கும். ஆக 64 ஜிபி ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. 600 மெகாபிட்டில் அதே கார்டு கால் மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். கணினியில் போட்டால் 64-க்குப் பதில் 59 சொச்சம் காட்டுகிறதே என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தின் பெருக்கமாகவும் கணினி 1,024-இன் பெருக்கமாகவும் எண்ணுவதால் வரும் வித்தியாசம் அது.

ஒரே பெரிய கார்டா, பல சிறிய கார்டுகளா என்பது ஓயாத விவாதம். பெரிய கார்டு போனால் எல்லாம் போகும் என்பது ஒரு கட்சி. சிறிய கார்டுகளை மாற்றி மாற்றிப் போடும்போதுதான் தொலைகிறது, தவறி ஃபார்மேட் ஆகிறது என்பது மறு கட்சி. என் கட்சி: ஒரு ஸ்லாட் கேமரா என்றால் 64 ஜிபி கார்டுகளாகப் பல. இரண்டு ஸ்லாட் இருந்தால் 128 ஜிபி கார்டுகள் இரண்டு வாங்கி, இரண்டிலும் ஒரே படம் பதியும்படி பேக்அப் முறையில் வைத்துவிடுவது. தாலி கட்டும் நேரத்தை மாப்பிள்ளையிடம் திரும்பக் கேட்க முடியாது என்பதால், கூலிக்குக் கல்யாணம் எடுப்பவர் இரண்டு ஸ்லாட் கேமராவையே வாங்குவது நல்லது.

இரண்டு ஸ்லாட்டிலும் ஒரு பொறி உண்டு. பேக்அப் முறையில் பஃபர் காலியாகும் வேகத்தைத் தீர்மானிப்பது மெதுவான கார்டுதான். கேனான் 5டி மார்க் த்ரீ இதற்குப் பேர்போனது. அதன் சிஎஃப் (காம்பாக்ட் ஃபிளாஷ் என்ற பழைய வகை கார்டு) ஸ்லாட் வேகமானது. பக்கத்திலிருக்கும் எஸ்டி ஸ்லாட்டுக்கு யூஎச்எஸ் வசதியே கிடையாது. இன்றைய விலை உயர்ந்த எஸ்டி கார்டைப் போட்டாலும் அந்த ஸ்லாட் நொடிக்குச் சுமார் 20 எம்பிதான் எழுதும். அந்த கேமராவில் பர்ஸ்ட் எடுக்க வேண்டுமென்றால் எஸ்டியில் சிறிய ஜேபெக், சிஎஃப்பில் ரா என்று பிரித்து வைப்பது கொஞ்சம் நிவாரணம். இசட்8, ஆர்5 போன்றவற்றில் டைப் பி-யின் துணைக்கு வி30 எஸ்டி போடுபவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள்.

படி 6: ரீடருக்கும் பணம் ஒதுக்குங்கள்

பழைய யூஎஸ்பி 2.0 ரீடரில் நொடிக்கு 35 எம்பி வந்தால் பெரிது. நிறைந்த 64 ஜிபி கார்டைக் காப்பி செய்ய அரை மணி நேரம். யூஎஸ்பி 3 ரீடரில் யூஎச்எஸ்-1 கார்டு என்றால் சுமார் 12 நிமிடம். யூஎச்எஸ்-2 கார்டு, யூஎச்எஸ்-2 ரீடர் இரண்டும் இருந்தால் நான்கைந்து நிமிடம். ரீடரிலும் இரண்டாவது வரிசைத் தொடர்புகள் இருக்க வேண்டும். இல்லையென்றால் கார்டுக்குக் கொடுத்த பணம் மேசையிலும் வீண்.

படி 7: வாங்கியதும் சோதித்துவிடுங்கள்

போலி கார்டுகளின் சூட்சுமம் எளிது. உள்ளே 8 ஜிபி சிப் இருக்கும். கட்டுப்பாட்டுச் சில்லு கணினியிடம் 128 என்று பொய் சொல்லும். 8 ஜிபி வரை எல்லாம் ஒழுங்கு. அதற்குப் பிறகு எழுதுவது பழைய படங்களின் மேலேயே விழும், அல்லது எங்கும் போகாது. ஃபோல்டரில் பெயர்கள் இருக்கும், திறந்தால் படம் இருக்காது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் பில், வாரன்டி இல்லாத மலிவுக்கு மயங்காதீர்கள்.

வாங்கிய அன்றே கார்டு முழுவதையும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும் இலவச மென்பொருள் இருக்கிறது: விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ், மேக் இரண்டுக்கும் எஃப்3. பெரிய கார்டுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் செய்துவிட்டால்தான் பயன். கார்டு அசலா என்பதோடு எழுதும் வேகமும் அதிலேயே தெரிந்துவிடும்.

படி 8: ஃபார்மேட்

4 ஜிபி முதல் 32 ஜிபி வரையுள்ள கார்டுகள் ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நீண்ட வீடியோ துண்டு துண்டாக விழுவது அதனால்தான். 64 ஜிபி முதல் எக்ஸ்ஃபேட். அந்தத் தடை இல்லை. நீங்கள் எதையும் தேர்வு செய்ய வேண்டியதில்லை. கேமராவின் மெனுவிலேயே ஃபார்மேட் செய்தால், கார்டின் அளவைப் பார்த்து அதுவே சரியானதைப் போட்டுவிடும். கணினியில் ஃபார்மேட் செய்யாதீர்கள். ஒரு நிறுவனத்தின் கேமராவிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடும்போதும் ஒருமுறை ஃபார்மேட் செய்யுங்கள். படங்கள் இரண்டு இடத்தில் காப்பியானதைச் சரிபார்க்கும் வரை மட்டும் கை அந்த மெனு பக்கம் போகக்கூடாது.

எஸ்டி கார்டின் இடது ஓரத்தில் இருக்கும் பூட்டு வெறும் பிளாஸ்டிக் துண்டு. அது எங்கே நிற்கிறது என்பதை ஸ்லாட்தான் உணர்கிறது. தேய்ந்து தளர்ந்தால் செருகும்போதே நகர்ந்து 'கார்டு பூட்டப்பட்டுள்ளது' என்று காட்டும். சோனியின் டஃப் வகை எஸ்டி கார்டுகளில் இந்தப் பூட்டே இல்லாமல் ஒரே வார்ப்பாகச் செய்திருப்பதற்கு இப்படி உடையும் பாகங்கள்தான் காரணம்.

பழைய டிஜிகேம் வாங்கியவர்களுக்கு

இரண்டாயிரங்களின் தொடக்கத்துச் சின்ன கேமராக்களை இப்போது இளைஞர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். கேமரா மலிவாகக் கிடைக்கும், கார்டுதான் கிடைக்காது. அந்தக் கால ஒலிம்பஸ், ஃபியூஜி என்றால் எக்ஸ்டி கார்டு கேட்கும். 2002-இல் வந்தது, 2 ஜிபிக்கு மேல் வரவேயில்லை. சோனி சைபர்ஷாட் மெமரி ஸ்டிக் கேட்கும்; சோனி எஸ்டியை ஏற்றுக்கொண்டது 2010-இல்தான். அதற்கும் முந்தையவை ஸ்மார்ட் மீடியா, உச்சம் 128 எம்பி. இவை எல்லாமே இனிப் பழையதாகத்தான் கிடைக்கும். கேமராவுக்கு விலை பேசும்போதே கார்டோடு சேர்த்துப் பேசுங்கள். தேர்வு செய்ய வாய்ப்பிருந்தால் எஸ்டி ஸ்லாட் உள்ள மாடலையே எடுங்கள். பழைய டிஎஸ்எல்ஆரில் சிஎஃப் கார்டைச் செருகும்போது திசை பார்த்து நேராகச் செருகுங்கள்: ஸ்லாட்டுக்குள் 50 ஊசிகள் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் செலவு கார்டோடு நிற்காது.

கார்டு முரண்டு பிடித்தால்

படங்கள் திடீரென்று காணாமல் போனால், தவறி ஃபார்மேட் செய்துவிட்டால், முதலில் செய்ய வேண்டியது படம் எடுப்பதை நிறுத்துவது. சாதாரண ஃபார்மேட் பெரும்பாலும் படங்களின் பட்டியலைத்தான் அழிக்கிறது. படங்கள் அதனதன் இடத்திலேயே கிடக்கும். அதன் மேல் புதிதாக எழுதினால்தான் மீளாமல் போகும். கார்டை வெளியே எடுத்துப் பூட்டை 'லாக்' பக்கம் தள்ளுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் கணினியில் தேடுங்கள். மீட்கும் படங்களை அதே கார்டில் சேமிக்காமல் கணினியின் வட்டில் சேமியுங்கள். ஃபைல்களின் பழைய பெயர்கள் திரும்பாது, படங்கள் திரும்பும். தவறி அழித்தது என்றால் அந்த கார்டை மறுபடி பயன்படுத்தலாம். தானாகவே எரர் காட்டிய கார்டு என்றால், மீட்டு முடித்ததும் அதை உடைத்துப் போட்டுவிடுங்கள். பையில் கிடந்தால் அவசரத்தில் கை அதைத்தான் எடுக்கும்.